கழலாத மோதிரம்

வலையின் ஒவ்வொரு முடிச்சையும் நடுவர் இழுத்துப் பார்த்தார்.

இடது கம்பத்தின் அடியில் ஒன்று தளர்ந்திருந்தது. மண்டியிட்டு இறுக்கிக் கட்டினார். முழங்காலில் காலைப்பனியின் ஈரம் ஒட்டியது. துடைக்கவில்லை. அந்த ஈரம்கூட இன்று அவருக்கு வேண்டியிருந்தது.

பதினொரு மாதம் கழித்து அவர் நடத்தப்போகும் முதல் கால்பந்து ஆட்டம் இது.

அன்று இதே மைதானத்தில், இரண்டாம் பாதியின் நடுவே, வேரறுந்த மரம்போலச் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்துசேர ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடமும் ஒருவன் அவர் நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான்.

நீலச்சட்டை அணியின் நான்காம் எண் ஆட்டக்காரன். பிழைப்புக்கு, அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ்.

"என்னைக் கும்பிடாதீங்க, அவரைக் கும்பிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கும்பிடத்தான் ஆள் அகப்படவில்லை. பழக்கூடையோடு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு முறையும் அவனுக்கு ஷிப்ட் மாறியிருந்தது. கடிதம் எழுதினார், பதில் இல்லை. ஊர்க் கடிதத்தையெல்லாம் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர் அவர். தன் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

இன்று ஆடப்போவது அந்த நீலச்சட்டை அணி. அவர் எதையும் மறைக்காமல், நான் நடத்தலாமா என்று கால்பந்துச் சங்கத்துக்கு எழுதிக் கேட்டார். எதிரணியைக் கேட்டார்கள். அந்த மனுஷன் பெற்ற பிள்ளைக்கே சாதகமாக விசில் ஊதமாட்டார், அவரே நடத்தட்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் அறைதான் அவர் உடை மாற்றும் இடம். கோடு போடுகிற சுண்ணாம்பின் நெடி மூக்கில் ஏறியது. இரண்டு கைக்கடிகாரங்களையும் ஒரே நொடியில் ஓடவிட்டுச் சரிபார்த்தார். விசிலும் இரண்டு, ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று. பென்சிலைச் சீவிக்கொண்டார்.

மனைவி மூன்றாம் முறையாக போனில் கூப்பிட்டு, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள். ஆட்டம் என்றாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்பவள், இன்று அவர் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

"அண்ணா, ரெண்டு டீமும் வந்தாச்சு" என்று கதவைத் தட்டினாள் துணை நடுவர்.

வராந்தாவில் நீலச்சட்டைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் காட்ட, பூட்ஸின் அடியில் கூராக ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஏழாவது ஆள் அவன்.

பதினொரு மாதமாக மனதுக்குள் வார்த்தைகளை ஒத்திகை பார்த்திருந்தார். பார்வை அவன் கைகளுக்குப் போனது. அகலமான கைகள், ஒட்ட வெட்டிய நகங்கள்.

விரலில் ஒரு மோதிரம்.

"மோதிரத்தோட ஆடக் கூடாது. கழட்டுங்க."

வாயில் வந்தது அவ்வளவுதான்.

கல்யாணத்தில் போட்டு மூன்று மாதம்கூட ஆகாத புது மோதிரம். இழுத்தான், திருகினான், அசையவில்லை. விரல் சிவந்ததுதான் மிச்சம். விரலோடு சேர்த்துக் கழட்டிடுடா என்று பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நடுவர் உள்ளே போய்ச் சோப்பும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்தார். அவன் கையைத் தன் கையில் எடுத்துவைத்துக்கொண்டார். விரலில் சோப்பைக் குழைத்துத் தடவி, மெல்லத் திருகினார். அவசரமே படவில்லை. துணை நடுவர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மோதிரம் அவர் உள்ளங்கையில் வழுக்கி விழுந்தது. பிடித்த கையை அவர் விடவில்லை.

"நன்றிப்பா" என்றார்.

அவன் தலை குனிந்துகொண்டான்.

"உங்க லெட்டர் வந்துச்சு சார். என்ன பதில் எழுதுறதுன்னுதான் தெரியல. முப்பது தடவை அழுத்திட்டு மூச்சு ஊதணும். எண்ணிக்கை தப்பிடக் கூடாதேன்னு, ஒரு அழுத்துக்கு ஒரு வார்த்தையா உங்களைத் திட்டிக்கிட்டேதான் அழுத்தினேன். அவ்வளவு கோபம்."

நடுவருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு சிரிப்பு வந்தது. ஒன்பது நிமிடம், ஒன்றைக்கூட விடாமல் திட்டியிருக்கிறானே, மகராசன்!

கோபம் ஏன் என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோது, அன்றைய ஆட்டத்தை யாரோ செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார்கள். எதிராளியின் முகத்தில் முழங்கையை வீசியவன் ஆறாம் எண். சிவப்பு அட்டை காட்டி அவர் வெளியே துரத்தியது நான்காம் எண்ணான இவனை. பேனா பிடிக்கக் கையில் தெம்பு வந்ததும், தவறு என்னுடையது என்று சங்கத்துக்கு எழுதி, அவன்மேல் இருந்த தடையை நீக்கவைத்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு.

அவர் விழுந்தது, அட்டையைக் காட்டிய மறு நிமிடம். அப்போது அவன் எல்லைக்கோட்டைத் தாண்டி நாலடி போயிருந்தான். வெளியேற்றப்பட்டவன் திரும்ப உள்ளே வரக் கூடாது என்பது விதி.

அன்று அந்த மைதானத்தில் கால்வைக்க உரிமை இல்லாத ஒரே ஆட்டக்காரன், எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தான்.