மாற்று ஆள் இல்லாத கொத்தனார்

ஒரு நோய்க்கிருமியின் உடம்புக்குள் இரண்டு புரதங்கள் கூட்டாளிகளாக இருந்தன. ஒருவன் வாசல்காரன். உள்ளே நுழையும் மருந்துகளைப் பிடித்து வெளியே தள்ளுவது அவன் வேலை. மற்றவர் கொத்தனார். கிருமியின் சுற்றுச்சுவர் ஓயாமல் உதிரும்; அவரும் ஓயாமல் கல் வைத்துக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் வாசல்காரன் ஒரு மருந்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். போகிறபோது அது கேட்டது: "உன்னை முடித்துவிட்டால் இந்த வீடு விழுந்துவிடுமா?"

வாசல்காரனுக்குச் சிரிப்பு வந்தது. "நான் போனால் என் தம்பிகள் வந்து நிற்பார்கள். எங்கள் கொத்தனாருக்குத்தான் மாற்று ஆள் கிடையாது. அவர் கை நின்றால் சுவர் பிளந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷர்."

மருந்து கொத்தனார் வைக்கும் கல்லை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கொஞ்ச காலம் கழித்து, அச்சு அசலாகச் சுவர்க்கல் போலவே ஒன்று வாசலுக்கு வந்தது. கல்தானே என்று வாசல்காரன் விட்டுவிட்டான். கொத்தனார் அதை எடுத்தார். அது அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு உதறியும் விடவில்லை.

சுவரில் விரிசல் விழுந்தது. வெளியிலிருந்த தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது.

"இத்தனை பேர் இருக்கிற வீட்டில் இது எப்படிடா நேராக என்னிடம் வந்தது?" என்று கேட்டார் கொத்தனார்.

வாசல்காரன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான்.