நாற்பத்தொன்றாவது குறை

கடைசியில் குரங்கைப் பற்றிய குறைக்கும் தீர்வு எழுதியாயிற்று.

தாவரவியல் ஆய்வகத்துக்குள் புகுந்து செடிகளைத் தின்றுவிடுகிறது என்பது குறை. 'உரிய அறிவுறுத்தல் வழங்கப்பட்டது' என்பது தீர்வு. யாருக்கு என்று எழுதவில்லை. வாசகம் கல்லூரி முதல்வர் சுந்தரலிங்கத்துடையது. தட்டச்சு, ஆங்கிலத் துறை யுவராணி.

நாளைக் காலை கல்லூரிக்குத் தரம் போட வெளியூரிலிருந்து குழு வருகிறது. ஆசிரியர்களுக்குக் குறைதீர்ப்பு நடைமுறை உண்டா என்று கேட்பார்கள்.

முன்பே ஒன்று இருந்தது. இரண்டே வரி. 'குறைகளை முதல்வரிடம் சொல்லலாம். அவர் முடிவே இறுதியானது.'

அதைத் திருத்த ஒரு குழு போட்டார்கள். மூன்று மாதம், ஒன்பது கூட்டம், கூட்டத்துக்கு ஒரு தட்டு முந்திரி பக்கோடா. இரண்டு வரி பதினான்கு பக்கமாயிற்று. குறை ஏறிப் போக ஏழு படிகள். ஏழாவது படியில் முதல்வர்தான் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஒன்று உதைத்தது. நடைமுறை இருக்கிறது, குறை ஒன்றுகூட இல்லை. "பதினோரு வருசமா இங்க ஒருத்தருக்கும் ஒரு கொறை கெடையாது, இது குடும்பம்" என்று மேடைக்கு மேடை முழங்கியவரும் சுந்தரலிங்கம்தான்.

ஆகவே சுற்றறிக்கை போயிற்று. எட்டுத் துறை, துறைக்கு ஐந்து குறை, புதன் மதியத்துக்குள். யார் மீதும் இருக்கக் கூடாது. தீர்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

குறைகள் பொங்கி வந்தன. மின்விசிறி சத்தம் போடுகிறது. ஆண்டிபட்டிப் பேருந்து முதல் வகுப்பு முடிந்த பிறகே வந்து சேர்கிறது. ஓய்வறையில் சர்க்கரை இல்லாத டீ கிடைப்பதில்லை.

எல்லாம் ஒரே மதியத்தில் தீர்ந்தன.

யுவராணிக்கும் ஒரு குறை இருந்தது.

வேலையில் சேர்ந்த அன்று, பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி அவளுடைய மூலச் சான்றிதழ்களை அலுவலகத்தில் வாங்கிப் பீரோவில் வைத்தார்கள். எல்லோருக்கும் அப்படித்தான். பத்திரமாகத்தான் இருந்தன, திருப்பிக் கேட்டால்தான் வராது. யாரும் நடுவில் வேலையை விட்டு ஓடிவிடக் கூடாது என்பது தாளாளரின் ஏற்பாடு. கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருப்பவர். எதையும் பெட்டியில் போட்டு ஆணி அடித்துத்தான் பழக்கம்.

வெள்ளிக்கிழமை சென்னையில் அரசுக் கல்லூரி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. மூலம் கையில் இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மூன்று வாரமாக அலுவலகத்துக்கு நடக்கிறாள். கண்காணிப்பாளர் தங்கப்பாண்டியிடம் ஒரே பதில்தான். "நான் என்ன மேடம், மாட்டேன்னா சொல்றேன்? பிரின்சிபால் எழுத்துல குடுக்கட்டும். இந்தா சாவி, அந்தா பீரோ."

தாளாளரை மீறி முதல்வர் எழுதித் தரமாட்டார், அதனால்தான் தன் துறையின் ஐந்து குறைகளில் ஒன்றாக இதையும் இருபத்துமூன்றாம் பக்கத்தில் தட்டச்சு செய்தாள். மின்விசிறிக்கும் பேருந்துக்கும் நடுவில் வைத்திருந்தாள்.

'குறை: உதவிப் பேராசிரியர் யுவராணியின் மூலச் சான்றிதழ்கள் அலுவலகப் பீரோவில் உள்ளன. தீர்வு: இன்றே திருப்பி அளிக்கப்பட்டன.'

சுந்தரலிங்கம் பச்சை மையில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். படித்துப் பார்க்கிறவர் இல்லை. கட்டைவிரலை நாக்கில் தொடுவார், பக்கத்தைத் தள்ளுவார், போடுவார். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

பேனா நின்றது.

யுவராணி ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். வெளியே காவலாளி, குழுவை வரவேற்க வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்.

சுந்தரலிங்கம் பேனாவை இரண்டு முறை உதறினார். மை இறங்கவில்லை போலிருக்கிறது. பிறகு கையெழுத்து விழுந்தது. அடுத்த பக்கம்.

"மொத்தம் எத்தனைம்மா?" என்றார், எல்லாம் முடித்து.

"நாப்பது சார்."

"நாப்பதுன்னா உக்காந்து எழுதுன மாதிரியில்ல இருக்கு. நாப்பத்தொண்ணுன்னாத்தான் நம்புவாக. ஒரு வெள்ளத்தாளு குடு."

அவரே எழுதினார். தேர்வில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாத மாணவன் மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதி, அதைக் கட்டின் அடியில் சொருகினார்.

"தங்கப்பாண்டிகிட்டக் குடுத்துப் பதியச் சொல்லு."

அந்தத் தாளை எடுத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கால்கள் அதற்குள் அலுவலகத்துக்குப் போய்விட்டன.

தங்கப்பாண்டி இருபத்துமூன்றாம் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளாளரைக் கேட்கலாமென்றால் அவர் குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில். அங்கே போன் எடுக்காது.

"எழுத்துல இருக்கே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பீரோவைத் திறந்தார்.

உறை கைக்கு வந்தது. பிரித்து எண்ணினாள். பத்தாம் வகுப்பிலிருந்து முனைவர் பட்டம் வரை எல்லாம் இருந்தன. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள்.

"இருங்க மேடம்."

தங்கப்பாண்டி கட்டின் கடைசித் தாளுக்கு வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். இடுப்பைப் பிடித்தபடி குனிந்து பீரோவின் கீழ்த்தட்டில் கையை விட்டுத் துழாவினார்.

அடியில் கிடந்த உறையொன்று வெளியே வந்தது. தொட்டதும் ரப்பர் பேண்ட் துண்டு துண்டாக உதிர்ந்தது. மேலே பெயர்: சுந்தரலிங்கம், எம்.எஸ்சி., பிஎச்.டி.

"இதையும் நீங்களே கொண்டு போயிக் குடுத்துருங்க மேடம்," என்றார் தங்கப்பாண்டி. "சார் இங்கன வந்து கேக்க மாட்டாக."