இருபத்திரண்டாம் புற்று

எரிக்க விறகும் புதைக்க நிலமும் இல்லாமல் போனபின், அந்த ஊரில் இறந்தவர்களைக் கறையான் புற்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். செங்கமலத்தின் கணவர் கலியன் போய் ஒரு வருடம். இன்று முதல் திதி.

காலையிலேயே கொழுந்தன் மாசிலாமணி ஒரு பையோடு வந்தான்.

“அண்ணி, ராத்திரி மழைக்கு ஈசல் கெளம்பிடுச்சு. அண்ணனுக்கு உசுராச்சே, அவரு கேக்குற மாதிரி உப்பு தூக்கலா வறுத்துப் படைங்க.”

“எந்தப் புத்துல புடிச்சீங்க தம்பி?”

“இருவத்திரெண்டு. அதுலதான் அள்ள அள்ள வந்துச்சு.”

அது கலியனைக் கொடுத்த புற்று. அன்று வெளியூரில் இருந்த மாசிலாமணிக்கு அது தெரியாது.

செங்கமலம் பையை வாங்கிக்கொண்டாள். முறத்தில் இறகைப் புடைத்து, அரிசியோடு சேர்த்து வறுத்தாள். மாடியில் இலை வைத்துக் கூப்பிட்டதும் காகம் வந்தது. சோறு, வடை எல்லாவற்றையும் கொத்தியது. ஈசலை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

மாசிலாமணிக்கு முகம் செத்துப்போனது. “அண்ணனுக்கு நம்ம மேல ஏதோ கொறை அண்ணி.”

“கொறை இல்ல தம்பி. இது அவருக்குன்னு வந்ததில்ல.”

இலையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மெதுவாக மென்றாள்.

“ஆமாங்க, உப்பு கொஞ்சம் கம்மிதான்” என்றாள், மாசிலாமணியைப் பார்க்காமல்.