பெயின்ட் அடிக்காத சுவர்

"என்னம்மா, எழுத்து மாதிரியும் இருக்கு, ஒண்ணும் படிக்கவும் முடியலையே," என்றார் சேனாதிபதி. "எனக்கு இதான் வேணும். படிக்கிற மாதிரி எழுதிட்டா அது கடை போர்டு."

விருந்தினர்கள் சிரித்தார்கள். தமயந்தியும் சிரித்தாள்.

நாயுடுபுரத்துக்கு மேலே மலைச்சரிவை வெட்டி எழுப்பிய அவருடைய ரிசார்ட்டுக்கு இன்று திறப்பு விழா. பள்ளத்தாக்கைப் பார்த்த சுவர் முழுவதும் தமயந்தியின் வேலை. தெருச்சுவரில் கிறுக்குவதுபோல் ஸ்பிரேயில் தொடங்கி, பட்டைத் தூரிகையின் சுழிப்பில் முடியும் தமிழ் எழுத்துகள். ஒன்றின் வால் இன்னொன்றின் கொம்பில் சிக்கி, எதுவும் எதுவாகவும் நிற்காத கறுப்பு.

சென்னைக் கண்காட்சிகளில் இதற்கு அடையாளத் தேடல் என்று பெயர்.

வெறும் சிமெண்டுச் சுவராக இருக்க வேண்டும், பெயின்ட் கூடாது என்று மட்டும் கேட்டிருந்தாள். இப்போது அதுதான் ஃபேஷன் என்று அவரும் சம்மதித்தார். கோடுகளுக்கு நடுவே விட்ட இடங்களை அவள் மெழுகுவத்தியால் அழுத்தித் தேய்த்தபோது, எதற்கு என்று காவலாளி கேட்டார். பாலிஷ் என்றாள்.

சொந்த ஊர் பக்கத்திலேயே இருக்கும் வில்பட்டி என்று யாரிடமும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் அவள் தம்பி கந்தவேல் இந்தச் சரிவுக்குத்தான் மண் வெட்டும் வேலைக்கு வந்தான். அன்று மழையில் மேடு சரிந்தது. அவன் வீடு திரும்பவில்லை.

அப்படி ஒருவன் வேலைக்கே வரவில்லை என்றார் சேனாதிபதி. திருப்பூர்ப் பக்கம் போயிருப்பான், போய்த் தேடுங்கள் என்றார். மறுபடி கேட்கப் போன அப்பாவின் மேல் நாயை அவிழ்த்துவிடச் சொன்னார். சரிந்த மண்ணை ஜேசிபியால் நிரவி, அதன்மேல் தளம் போட்டார்கள்.

'காணவில்லை' என்று எழுதிக்கொண்ட இன்ஸ்பெக்டர் இன்று முதல் வரிசையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

வில்பட்டியில் அம்மா இன்னும் கதவைத் தாழிடாமல்தான் படுக்கிறாள்.

மலைக்காரர்கள் எந்த விசேஷத்தையும் காலையிலேயே முடித்துவிடுவார்கள். சேனாதிபதி கீழே வத்தலக்குண்டுக்காரர். சாயங்காலத்தில் நல்ல நேரம் குறித்திருந்தார்.

நம்ம அடையாளம், நம்ம மண் என்று அவர் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. பின்னாலேயே சாரல்.

சுவர் நனைந்தது. சிமெண்டு கறுத்தது. கறுக்கக் கறுக்க, அவள் வரைந்த எழுத்துகள் அந்தக் கறுப்புக்குள் காணாமல் போயின. மெழுகு தேய்த்த இடத்தில் மட்டும் தண்ணீர் இறங்கவில்லை. அது வெளுப்பாகவே நின்றது.

ஆள் உயரத்துக்கு ஒரு பெயர்.

கந்தவேல்.

கூட்டம் கைதட்டியது. இதுவும் ஓவியத்தில் சேர்ந்தது என்று நினைத்தார்கள்.

"யாருண்ணே கந்தவேலு, உங்கப்பா பேரா?" என்று ஒருவர் கேட்டார்.

சேனாதிபதி திரும்பிப் பார்த்தார். மைக் கையிலேயே இருந்தது.

"செத்தவன் பேர எதுக்குடி எஞ்செவுத்துல எழுதுன?"

சரிவு முழுக்க அது கேட்டது.

கைதட்டல் நின்றது. இன்ஸ்பெக்டர் தட்டைக் கீழே வைத்தார். கந்தவேல் செத்துவிட்டான் என்று அதுவரை எவரும் சொன்னதில்லை. சுவரிலும் அப்படி எழுதியிருக்கவில்லை.

தமயந்தி குடையை விரிக்காமல், சேனாதிபதியையே பார்த்தபடி வீட்டுக்கு போன் போட்டாள்.

"அம்மா, இன்னைக்குக் கதவத் தாழ் போட்டுட்டுப் படு."