வீட்டோடு வாங்கிய கட்டில்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஓஹையோவில் எங்கள் தெருவில் நான் கண்ட ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். எதிர்வீட்டை வாங்கிய டோரீன், வீடு பார்க்க வருபவர்களைக் கவர விற்றவர்கள் அதில் அழகாகப் போட்டு வைத்திருந்த சாமான்களையும் சேர்த்தே வாங்கிவிட்டாள். அவள் அப்பா ஹார்லனும் அவளோடு குடிவந்துவிட்டார். செத்துப்போன மனைவியோடு அவர் ஐம்பது வருடம் படுத்த ஓக் கட்டில், காலையில் ‘இலவசம்’ என்று எழுதிய தாளோடு தெருவோரம் நின்றது. மதியத்துக்குள் யாரோ ஏற்றிப் போய்விட்டார்கள். இப்போது மஞ்சள் வெயில் சாய்ந்து விழுகிற அறையில், சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பின் மேல் அவர் மெல்ல உட்காருகிறார். மொடமொடவென்று ஏதோ நசுங்க, இடுப்புவரை உள்ளே இறங்கிவிடுகிறார். புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த கேக் தட்டோடு நான் அறைவாசலில் நிற்கிறேன். டோரீன் விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறாள். கட்டிலே இல்லை, காற்றடைத்த மெத்தை, அதற்கு அடியில் காலி அட்டைப்பெட்டிகள். வீடு பார்க்க வந்தபோது எல்லாரும் கண்ணால்தான் பார்த்தார்கள், ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. “நான்தாம்பா அடம்பிடிச்சேன். உங்க கட்டில் இந்த ரூமுக்கு எடுப்பா இருக்காதுன்னு,” என்கிறாள், அவர் முகத்தைப் பார்க்காமல். ஹார்லன் நசுங்காத மறுபாதியைத் தடவிக் கொடுக்கிறார். “உங்கம்மா பக்கம் ஒண்ணும் ஆகலை பாரும்மா. அவ எப்பவுமே கெட்டிக்காரி.” டோரீன் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, தெருவோரத்தில் பழைய கட்டிலின் நான்கு கால்கள் அழுத்திய புல் இன்னும் நிமிராமல் கிடக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உங்கள் வீட்டில் களைத்து வந்து சாய்கிறவர்களை எல்லாம் அவரவர் கட்டில் தாங்கட்டும், கண்ணுகளா.