வழக்கு முடியும் வரை

"கேஸ் போட்டுட்டாலே ஒருத்தன் குத்தவாளி ஆயிடுவானா? நீயே சொல்லு ஓடெல்."

கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்த ஷெரீஃப் டாய்ல் ப்ரூயிட் கேட்டார். நாலு தேர்தலில் ஜெயித்து, அமெரிக்காவில் கோல்டர் கவுண்டி என்ற மாவட்டத்தின் போலீசையும் ஜெயிலையும் கைக்குள் வைத்திருப்பவர்.

"அதெப்படிய்யா ஆவான்?" என்றார் ஓடெல், கத்தரியை நிறுத்தாமல்.

"செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு. மாநில அரசியல் சட்டத்தையே திருத்தப் போறாங்களாம். ஓட்டு வாங்கி வந்தவன் மேல கேஸ் விழுந்தா, வழக்கு முடியறவரைக்கும் பதவியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. வீட்ல உக்காரணும்."

"அநியாயம்யா."

ஜெயில் சமையலுக்கு வந்த பன்றித் தொடைகள், ஷெரீஃபின் மைத்துனர் நடத்தும் கறிச் சாப்பாட்டுக் கடையில் வெந்தன என்பதுதான் அவர் மேல் வழக்கு. திருத்தம் ஜெயித்தால் அவர் பேட்ஜைக் கழற்ற வேண்டியதுதான்.

"ரெண்டு தொடைக்கறிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். ஜெயில்ல கிடக்கறவனுக்கு வெறும் பீன்ஸ் இறங்காதா?"

"பழகிடும்யா."

"அப்படிச் சொல்லு. சாட்சி சொல்லியாச்சா, தீர்ப்பு வந்தாச்சா? அதுக்குள்ள பொழப்பைப் பிடுங்கிட்டா, நாளைக்கு நிரபராதின்னு ஆனப்புறம் யார் திருப்பித் தருவா? காது பத்திரம்."

"பாத்துக்கறேன்யா. பொழப்பு போனா போனதுதான். வாடிக்கையெல்லாம் வேற ஆள்கிட்ட போயிடும்."

"பெண்டாட்டி வெளிய தலைகாட்ட முடியுமா?"

"எங்கய்யா? சர்ச்சுல கூட பக்கத்துல உக்கார மாட்டாங்க."

ஷெரீஃபுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியா கர்டிஸ்? இவன் ஒருத்தனுக்குத்தான் என் கஷ்டம் புரியுது."

வாசலில் நின்ற டெபுடி கர்டிஸ் தலையாட்டினார். பிடரியை மழிக்கச் சவரக்கத்தியை எடுத்து ஓடெலிடம் கொடுத்தார். மழித்து முடித்ததும் மறக்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்போ செவ்வாய்க்கிழமை திருத்தம் வேணாம்னு ஓட்டுப் போடுவேல்ல?"

"விட்டா போடறேன்யா."

ஷெரீஃப் எழுந்து, கண்ணாடியில் பிடரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இந்த ஊர்ல உன்ன மாதிரி வெட்ட ஆளில்லப்பா."

ஓடெல் துணியை மெல்ல உதறினார். "ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. என் கேஸ் எப்ப விசாரணைக்கு வரும்? என்னைக் கூட்டிட்டு வந்த அன்னைக்குப் பூட்டின கடை. இது ரெண்டாவது கிறிஸ்துமஸ்."

"வர்றப்ப வரும். ஒண்ணுமில்லாமலா உன்மேல கேஸ் போட்டிருப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, ஷெரீஃப் தன் கையாலேயே அவரை உள்ளே அனுப்பிக் கம்பிக் கதவைப் பூட்டினார்.