உங்களுக்கு விழுந்தா என்ன பண்ணுவீங்க?

“வாழ்த்துகள் அம்மா! முதல் பரிசு இருபத்தஞ்சு கோடி, உங்க போன் நம்பருக்குத்தான் விழுந்திருக்கு. நான் லாட்டரி கம்பெனியோட தலைமை அதிகாரி பேசறேன்.”

தலைமை அதிகாரி ஓட்டைப் பனியனோடு, கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குரல் கம்பீரமாக வரவேண்டும் என்பதற்காகத் தாடையைக் கழுத்தோடு அழுத்தி வைத்திருந்தான். பரிசும் கிடையாது, லாட்டரியும் கிடையாது. இருந்ததெல்லாம் அந்த வாடகை மாடி அறையும், முதலாளி கொடுத்த ஒரு செல்போனும்தான்.

அந்தப் போன் தானாகவே யாராவது ஒருவரின் நம்பரைப் பிடித்துக் கொடுக்கும். பரிசு விழுந்ததாகச் சொல்லி, ‘வரி’ என்று ஒரு தொகையைக் கறந்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இவனுக்கு ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. “இன்னிக்கும் ஒண்ணும் மாட்டலேன்னா, போனைத் திருப்பிக் குடுத்துட்டு வேற பொழப்பைப் பாரு” என்று காலையில்தான் முதலாளி காய்ச்சி எடுத்திருந்தார்.

“இருபத்தஞ்சு கோடியா! எனக்கா!” போனில் அந்த அம்மாளின் குரல் தேனாக ஒழுகியது.

மீன் கவ்விவிட்டது. இனிமேல் அவசரப்படக் கூடாது. பணத்தை மனசுக்குள் கொஞ்சம் செலவு செய்யவிட்டால், அப்புறம் வரி கட்டக் கை தானாகவே நீளும் என்பது முதலாளி சொல்லிக்கொடுத்த பால பாடம்.

“கண்ணை மூடிக்குங்கம்மா. பணம் வந்தாச்சு. முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“எங்க நாத்தனார் வீட்டுக்குக் கிழக்கால ஒரு எடம் காலியா கெடக்கு. அதை வாங்கி நாலு மாடி கட்டுவேன்.”

“அங்க குடி போகப் போறீங்களா?”

“சேச்சே, அந்தப் பக்கம் யார் போவா? அவ வீட்ல வெயிலே விழக் கூடாது. துவைச்ச துணி காயக் கூடாது.”

“பிரமாதம்! உங்க வீட்டுக்காரருக்கு?”

“காதுக்கு ஒரு மெஷின். இருக்கறதுலயே வெலை ஜாஸ்தியானது. இனிமே நான் சொன்னது காதுல விழலைன்னு தப்பிக்க முடியாது பாருங்க.”

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குஷியில் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அது தரையில் ‘கிறீச்’ என்று அலறியது.

நாக்கைக் கடித்துக்கொண்டான். இந்தச் சத்தம் கேட்டால் போதும், கீழ் வீட்டு ஓனரம்மா ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் டொக் டொக்கென்று இடிப்பாள். வாடகையெல்லாம் ஓனரய்யா வந்து வாங்கிக்கொள்வார். ஓனரம்மா இவனிடம் பேசியதெல்லாம் அந்தக் கம்பு மூலமாகத்தான். இன்றைக்கு ஏனோ இடி விழவில்லை. அசந்து தூங்குகிறாள் போலிருக்கிறது, நம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டான்.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன், இருக்கேன்.” குரலில் இன்னும் ஒரு கரண்டி தேன் கூடியிருந்தது. “நானே பேசிக்கிட்டிருக்கேனே. நீங்க சொல்லுங்க தம்பி, உங்களுக்கு விழுந்தா என்ன பண்ணுவீங்க?”

எத்தனையோ பேரிடம் இவன் கேட்ட கேள்வி. இவனிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பாவம், நெஞ்சு இளகிப்போயிற்று. தாடை கழுத்தைவிட்டுக் கிளம்ப, சொந்தக் குரல் வெளியே வந்தது.

“முதல்ல இந்த வேலைய விட்டுடுவேம்மா.”

“தலைமை அதிகாரி வேலையையா?”

“அதைத்தான். அடுத்தது, நான் குடியிருக்கற வீட்டையே வெலைக்கு வாங்கிடுவேன். கீழ ஒரு ஓனரம்மா இருக்காங்க. அவங்ககிட்ட நான் படற பாடு இருக்கே! நாற்காலி நகந்தா இடி, தும்மினா இடி. கொட்டாவி விட்டாக்கூட இடி.”

“அடப் பாவமே! வாங்கி?”

“நான் கீழ போயிடுவேன், அவங்களை மாடிக்கு ஏத்திடுவேன். கையில ஒரு கம்பை வெச்சுக்கிட்டு ராத்திரி பகலாக் காத்துக்கிட்டு இருப்பேன். அவங்க பொரண்டு படுத்தாக்கூட ஒரு இடி!”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, ஒரு நல்ல நாளாப் பாத்துக் காலி பண்ணச் சொல்லிடுவேன்.”

“எப்படிச் சொல்லுவீங்க? எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.”

அவன் எழுந்து நின்றான். பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, மூலையில் இருந்த வாளியை ஓனரம்மாவாகப் பாவித்துக்கொண்டான். “ஏங்க, எப்ப காலி பண்றீங்க?”

“இவ்வளவு மரியாதையாச் சொன்னா எவ காலி பண்ணுவா?” அந்த அம்மாளுக்கு லேசாக மூச்சு வாங்கியது. இருபத்தைந்து கோடியை நினைத்தால் யாருக்குத்தான் வாங்காது?

அவன் இடுப்பில் கை வைத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான். “ஏம்மா! எப்ப காலி பண்றே!”

ஆகா! வீடே கைக்கு வந்துவிட்டதுபோல உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்குமேல் தாமதிக்க வேண்டாம், மீனை இழுத்துவிடலாம். தாடையை மறுபடியும் கழுத்தோடு அழுத்தினான்.

“சரிம்மா, பரிசுக்கு உண்டான வரியை மட்டும் நீங்க…”

“அதுக்கென்ன தம்பி, நேர்லயே குடுத்துடறேன்.”

டொக், டொக். இந்த முறை இடி கதவில் விழுந்தது.

போனைக் காதில் வைத்தபடியே போய்த் திறந்தான். ஒரு கையில் செல்போனும் மறு கையில் ஒட்டடைக் கம்புமாக ஓனரம்மா நின்றிருந்தாள். தேன் ஒழுகும் அதே குரல் எதிரிலும் போனிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

“ஏம்ப்பா, எப்ப காலி பண்றே?”